நிஜமா அடிங்க!

போன மாசம் எலும்பு டாக்டர்கிட்ட போயிருந்தேன். வலது கை கட்டைவிரல் குளிர் காலத்துல மடங்க மாட்டேங்குது. எக்ஸ்ரேயைப் பார்த்துட்டு, "பழைய முறிவு. கிரிக்கெட்டா?"ன்னு கேட்டார்.

"இல்ல சார், பிரம்படி."

"எந்த ஸ்கூல்?"னு சிரிச்சார்.

ஸ்கூல் இல்ல, பிலிப்பைன்ஸ். அதுவும் மாசாமாசம் காசு கட்டி வாங்கின அடி :-) வீட்டுக்கு வந்ததும் அந்தக் கதையை எழுதியே ஆகணும்னு தோணிச்சு. கொஞ்சம் பெரிய கொசுவத்திதான், பொறுத்துக்கோங்க மக்களே.

2007-ல ஆபீஸ்ல என்னை ரெண்டு வருஷத்துக்கு செபூ தீவுக்கு அனுப்பினாங்க. தங்கமணியும் ஒரு வயசுப் பொண்ணும் திருச்சியில. வாரம் அஞ்சு நாள் வேலையில ஓடிடும். சனி ஞாயிறு வந்தா ரூம் சுவரைப் பார்த்துக்கிட்டு உக்கார்ந்திருப்பேன். ஒரு சனிக்கிழமை சாயங்காலம் சும்மா நடந்து போறப்போ, பேஸ்கட்பால் கோர்ட் பக்கத்துலேர்ந்து டக்-டக்-டக்னு ஒரு சத்தம். நூறு பேர் சேர்ந்து தாயக்கட்டை உருட்டற மாதிரி. எட்டிப் பார்த்தா, இருபது பேர் ஜோடி ஜோடியா நின்னு ரெண்டு கையிலயும் பிரம்பு வெச்சுக்கிட்டு அடிச்சுக்கறாங்க. ஆனா யார் மேலயும் படல. அந்தத் தாளம் ஒரு இடத்துலகூடத் தப்பல. அடுத்த வாரம் நானும் வரிசையில நின்னேன்.

சொல்லிக் கொடுத்தவருக்கு அறுபது தாண்டியிருக்கும். பகல்ல மோட்டார் சைக்கிள் ரிப்பேர். எங்களுக்கு 'மாஸ்டர்'. என்னை 'டோங்'னுதான் கூப்பிடுவார். செபூ பக்கம் வயசுல சின்னவனை அப்படித்தான் கூப்பிடறாங்க, நம்ம ஊர் 'தம்பி' மாதிரி.

காலேஜ்ல ரெண்டு வருஷம் கராத்தே போயிருக்கேன். அங்கே ஆயுதம்ங்கறது சீனியருங்க சமாசாரம். இங்கே தலைகீழ். முதல் நாளே கையில பிரம்பு. வெறுங்கை அப்புறம்தான். கேட்டதுக்கு மாஸ்டர் சொன்ன பதில்: "கம்பு, கத்தி, வெறுங்கை மூணும் போற பாதை ஒண்ணுதான். கம்போட பாதை கண்ணுக்குத் தெரியும். அதனால அதை முதல்ல கத்துக்கோ."

இந்தக் கலைக்கு அங்கே மூணு பேர். ஆர்னிஸ், எஸ்க்ரிமா, காலி. செபூக்காரங்க பெரும்பாலும் எஸ்க்ரிமாம்பாங்க. ஸ்பானிஷ்காரங்க முன்னூறு வருஷத்துக்கு மேல ஆண்ட ஊர், அதனால வார்த்தைகள்ல பாதி ஸ்பானிஷ். விசிறி மாதிரி மணிக்கட்டைத் திருப்பி அடிச்சா 'அபனிகோ'. ஒரு கையில வாளும் இன்னொரு கையில குத்துக்கத்தியும் இருந்தா 'எஸ்பதா இ தாகா'. ரெட்டைப் பிரம்பு ஆட்டத்துக்கு மட்டும் சொந்தப் பேரு, 'சினாவலி'. அந்த ஊர்ல வீட்டுச் சுவருக்கு வைக்கிற மூங்கில் தட்டிக்கு 'சவாலி'ன்னு பேரு. அதைப் பின்னற மாதிரி ரெண்டு பிரம்பும் குறுக்கும் நெடுக்குமா போகுது இல்லையா, அதான்.

பிரம்பு சுமார் 28 அங்குலம். ஏன் பிரம்புன்னா, மத்த மரம் மாதிரி இது பட்டுனு ஒடிஞ்சு கூரா எகிறாது. நார் நாராப் பிரியும். இன்னொரு விசேஷம், ரெண்டு பேர் வேகமா மோதிக்கிட்டா லேசா கருகற வாசனை வரும். எனக்கு இன்னிக்கும் செபூன்னா அந்த வாசனைதான்.

செபூ இந்தக் கலைக்குத் தலைநகர் மாதிரி. 'தோசே பாரெஸ்'ங்கற புகழ்பெற்ற சங்கம் 1932-ல அங்கேதான் ஆரம்பிச்சது. அதுல இருந்த வெனான்சியோ பேகன் 1952-ல பிரிஞ்சு போய் 'பாலிந்தவாக்'னு தனியா தொடங்கினார். பாலிந்தவாக்ங்கறது வேற ஒண்ணும் இல்ல, அவங்க பயிற்சி பண்ணின தெருவோட பேரு. ஒத்தைப் பிரம்பு, கைக்கெட்டற தூரத்துல நின்னு சண்டை. ஒரு ஆசான் ஒரு மாணவன்னு எதிரெதிரே நின்னுதான் பாடம். எங்க மாஸ்டர் ரெண்டு பக்கமும் கொஞ்சம் கொஞ்சம் கத்துக்கிட்டவர். ரெண்டுல எது உசத்தின்னு கேட்டா பேச்சை மாத்திடுவார் :-)

அடிகளுக்குப் பேரு கிடையாது, நம்பர்தான். மொத்தம் பன்னெண்டு. எங்க கிளாஸ்ல ஒண்ணு இடது பொட்டு, ரெண்டு வலது பொட்டு, அஞ்சு வயித்துல குத்து, பன்னெண்டு உச்சந்தலை. எதிராளி கையில என்ன இருந்தாலும் அது இந்தப் பாதைகள்ல ஒண்ணுலதான் வந்தாகணும்ங்கறது கணக்கு. அதனால ஆயுதத்தைப் பார்க்காதே, பாதையைப் பார்.

அடுத்த பாடம், உடம்பை அடிக்காதே, ஆயுதம் பிடிச்ச கையை அடி. பாம்போட பல்லைப் பிடுங்கறதுன்னு சொல்லுவாங்க. பல்லு போச்சுன்னா பாம்பு வெறும் கயிறு.

இதுக்கு மாஸ்டர் சொல்ற உதாரணம் மகெல்லன். செபூவுக்கு எதிர்க்க, பாலம் தாண்டினா மாக்டான் தீவு. ஏர்போர்ட்டே அங்கேதான். 1521 ஏப்ரல் 27-ல லாப்பு-லாப்புவோட ஆட்கள் மகெல்லனைக் கொன்னது அந்தத் தீவுக் கரையில. கூட இருந்து பார்த்த பிகஃபெட்டாங்கற இத்தாலிக்காரர் எழுதி வெச்சிருக்கார். மகெல்லன் வாளை உருவப் பார்த்தாராம், பாதிக்கு மேல வரல. ஏன்னா கையில ஏற்கெனவே மூங்கில் ஈட்டிக் காயம். அப்புறம்தான் இடது கால்ல பெரிய வெட்டுக்கத்தி இறங்கியிருக்கு. "முதல்ல கை. பார்த்தியா டோங்?"னு மாஸ்டர் தானே நேர்ல நின்ன மாதிரி சொல்லுவார். அன்னிக்கு நடந்ததுக்கும் இன்னிக்கு இருக்கற எஸ்க்ரிமாவுக்கும் நேர்க்கோடு போட்டுட முடியாது. ஆனா கதையா கேக்க நல்லாதான் இருந்தது.

சரி, விஷயத்துக்கு வர்றேன்.

எனக்கு ஜோடியாக் கிடைச்சது ஒரு பொண்ணு. இருபத்திரெண்டு வயசு. நர்சிங் முடிச்சுட்டு வெளிநாட்டு வேலைக்குக் காத்துக்கிட்டு, அதுவரைக்கும் கால் சென்டர்ல ராத்திரி ஷிஃப்ட். விடியக்காலையில ஜீப்னியில வீட்டுக்குப் போறப்போ ஒருத்தன் இடுப்புல கத்தியை வெச்சு போனைப் பிடுங்கிட்டுப் போயிருக்கான். போன் போனதைவிட, கையும் காலும் அசையாம உக்கார்ந்திருந்ததுதான் அவளுக்கு ஆறல. அதுக்குத்தான் கிளாஸுக்கு வந்தா. என்னை 'குயா'ம்பா. குயான்னா அண்ணன்.

பயிற்சி எப்படின்னா, ஒருத்தர் நம்பர் அடி அடிக்கணும், இன்னொருத்தர் தடுக்கணும். அப்புறம் மாத்திக்கணும். நான் அடிக்கற முறை வந்தா எனக்குக் கை வராது. ஒல்லியா, என் தோள் உசரத்துக்கு நிக்கற பொண்ணோட பொட்டுல பிரம்பை எப்படி இறக்கறது? பொம்பளப் பிள்ளையை அடிக்காதேன்னு சொல்லிச் சொல்லி வளர்த்த உடம்பு. அதனால ஒரு தந்திரம் பண்ணினேன். அவ தலையை அடிக்காம, தலைக்கு ஒரு சாண் வெளியே, அவ பிரம்பு வரப்போற இடமாப் பார்த்து அடிச்சேன். டக்! டக்! டக்! வேகம் இருக்கும், சத்தம் இருக்கும், ஒரு அடியும் அவ மேல வராது. அவ தடுக்கலேன்னாகூட வராது.

அவளுக்கு சந்தோஷம். எனக்கும்தான். மூணு மாசம் இப்படியே ஓடிச்சு. கிளாஸ்ல நல்ல ஜோடின்னு பேரு வேற.

ஒரு நாள் மாஸ்டர் என்னை ஒதுங்கச் சொல்லிட்டு அவ எதிர்ல நின்னார். அவ தலையில கவசம் மாட்டச் சொன்னார். ஒண்ணாம் நம்பர் அடி, பாதி வேகத்துலதான். அவளோட பிரம்பு வழக்கம்போல டாண்ணு போச்சு. எங்கே? நான் பழக்கின இடத்துக்கு, ஒரு சாண் வெளியே. மாஸ்டர் பிரம்பு உள்ளே புகுந்து அவ காதுகிட்ட 'டப்'னு உக்கார்ந்தது. ரெண்டாம் நம்பர், அதே 'டப்'. பன்னெண்டு, நடு மண்டையில. நாலஞ்சு தடவைக்கு மேல பண்ணல. அவ முகத்துல ரத்தமே இல்ல. ஜீப்னியில உக்கார்ந்திருந்த முகம் அப்படித்தான் இருந்திருக்கும்னு தோணிச்சு.

மாஸ்டர் அவளைத் திரும்பிக்கூடப் பார்க்கல. என்னைப் பார்த்துதான் சொன்னார். "டோங், மூணு மாசமா இந்தப் பொண்ணுகிட்ட பொய் சொல்லியிருக்கே."

நான் ஏதோ உளறினேன். அடிபட்டுடும்னுதான், சின்னப் பொண்ணு, இத்யாதி. அவர் நிதானமா சொன்னார். "பயந்தா மெதுவா அடி. ஆமை மாதிரி அடி. தப்பே இல்ல. ஆனா எங்கே அடிக்கணுமோ அங்கே அடி. வேகத்தைக் குறைக்கலாம், குறியை மாத்தக் கூடாது. வெளியில ஒருத்தன் இவளை அடிக்க வந்தா உன்னை மாதிரி நல்லவனா வருவானா?"

அவ அன்னிக்கு என்கூடப் பேசல. பையை எடுத்துக்கிட்டுப் போறப்போ ஒண்ணே ஒண்ணு கேட்டா. "நான் பொண்ணுங்கறதாலயா குயா?"

இல்லேன்னு சொல்ல வாய் வந்தது. அதுவும் பொய்யாயிடும்னு சும்மா நின்னேன்.

ரெண்டு வாரம் அவ வரல. வந்தப்போ என் எதிர்லயே வந்து நின்னு, "நிஜமா அடிங்க"ன்னா. அடிச்சேன். ஆமை வேகம். ஆனா நேரா பொட்டைப் பார்த்து. அவ தடுக்கலேன்னா பிரம்பு போய்த் தொட்டது. நிறைய தொட்டது. மூணு மாசத்துல கத்துக்கிட்டதை அழிச்சுட்டுத் திரும்ப எழுத ஆறு மாசம் ஆச்சு. கொஞ்சம் கொஞ்சமா வேகம் ஏறிச்சு. அவ முழங்கை, முட்டியெல்லாம் நீலம். என்னோடதும்தான். ஏன்னா அவளும் இப்போ நிஜமா அடிக்க ஆரம்பிச்சுட்டா. அதுல ஒரு அடிதான் கட்டைவிரல். டக்னு வரவேண்டிய சத்தம் வேற மாதிரி வந்தது. நான் விரலைப் பிடிச்சுக்கிட்டுக் குந்திட்டேன். "சாரி குயா"ன்னு ஓடி வந்தா, நர்ஸாச்சே, விரலைத் தடவிப் பார்த்துக் கட்டுப் போட்டா. கட்டிக்கிட்டே கேக்கறா: "ஆனா, கையை ஏன் அங்கே வெச்சீங்க?" :-)

பாம்புக்குப் பல்லு போச்சு, போங்க.

2009-ல நான் கிளம்பி வந்த வருஷக் கடைசியிலதான் ஆர்னிஸை பிலிப்பைன்ஸோட தேசிய விளையாட்டுன்னு சட்டம் போட்டு அறிவிச்சாங்க. அவ அதுக்கு முன்னாடியே வளைகுடா நாட்டு ஆஸ்பத்திரி வேலைக்குப் போயிட்டா.

*

அஞ்சு வருஷம் கழிச்சு, 2014-ல கோலாலம்பூர் மாத்தல். இந்தத் தடவை குடும்பத்தோட. வீட்டுப் பக்கத்துல ஒரு சமுதாயக் கூடத்துல ராத்திரி சிலாட் வகுப்பு நடக்கும். தங்கமணி, "இன்னும் ஒன்பது விரல் நல்லா இருக்கே, அதுக்கா?"ன்னு கேட்டா. இருந்தும் போனேன்.

சிலாட் வேற உலகம். எஸ்க்ரிமால முதல் நாளே பிரம்பு. நான் போன இடத்துல மாசக்கணக்கா வெறும் காலடிதான். 'லங்கா'ம்பாங்க. பூ மாதிரி கை சுழற்றி ஆடற பகுதிக்குப் பேரே பூதான், 'பூங்கா'. அடி, பிடி, மடக்கு எல்லாம் 'புவா', அதாவது பழம். பூவைப் பார்த்து இது என்ன டான்ஸுன்னு நினைச்சுக்கிட்டு இருக்கறப்பவே பழம் மூஞ்சியில விழும். ஆசிரியரை எல்லாரும் 'சீகு'ம்பாங்க, 'எஞ்சிக் குரு'வோட சுருக்கம். குரு அங்கேயும் குருதான். மலாயில கேடயத்துக்கு 'பெரிசாய்'. நம்ம 'பரிசை' கப்பலேறிப் போனதுதான். கப்பலும் அங்கே 'காப்பால்'தான். இதை வெச்சு சிலாட்டே நம்ம சிலம்பத்துலேர்ந்து வந்ததுன்னு யாரும் பின்னூட்டத்துல கொடி பிடிக்காதீங்க. வார்த்தை போச்சு, ஆளுங்க போனாங்க, வந்தாங்க, அவ்வளவுதான் எனக்கு நிச்சயமாத் தெரியும். அந்தக் கலை அவங்க மண்ணுல, அவங்க உடம்புல வளர்ந்தது. 2019-ல யுனெஸ்கோ பட்டியல்லயும் சேர்ந்தாச்சு, மலேசியாவுக்கு சிலாட், இந்தோனேசியாவுக்கு பென்சாக் சிலாட்னு தனித்தனியா.

ஆயுதம் வந்தப்போ மூணு பார்த்தேன். வெட்டுக்கத்தியான 'பாராங்', நம்ம அருவாளுக்குப் பங்காளி, தோட்டத்துல இளநீர் வெட்டறதும் அதுலதான். 'கெரம்பிட்', புலி நகம் மாதிரி வளைஞ்ச குட்டிக் கத்தி, பிடி முனையில விரல் நுழைய ஒரு வளையம். நுழைச்சுட்டா கையைத் தட்டினாலும் கீழே விழாது. அப்புறம் 'கெரிஸ்'. நேரானதும் உண்டு, நெளிநெளியானதும் உண்டு, நெளிவு எண்ணிக்கை எப்பவும் ஒற்றைப்படை. அதை சீகு உறையிலேர்ந்து எடுக்கறப்போ கூடமே அமைதியாயிடும். பயிற்சி எல்லாம் மரக்கத்தியிலதான்.

கத்திக்கு எனக்கு ஜோடி ஒரு மலாய்ப் பையன். பத்தொன்பது வயசு, ரொம்ப மரியாதை. என்னை 'அபாங்'னு கூப்பிடுவான், அதுவும் அண்ணன்தான். அவன் குத்துவான், நான் ஒதுங்கி மணிக்கட்டைப் பிடிச்சு முறுக்கிக் கத்தியைப் பிடுங்குவேன். தினமும் பிடுங்கினேன். முப்பத்தேழு வயசுல சினிமா ஹீரோ மாதிரி ஒரு மிதப்பு.

ஒரு நாள் அவன் முகத்தைப் பார்த்தேன். குத்தின கையை அவன் அப்படியே நீட்டி வெச்சுக்கிட்டு நான் பிடிக்கறதுக்காகக் காத்துக்கிட்டு இருந்தான். பெரியவர் கஷ்டப்படக் கூடாதேன்னு ஒரு கரிசனம். எனக்கு நல்லாத் தெரிஞ்ச கரிசனம்.

செபூ பேஸ்கட்பால் கோர்ட் அப்படியே கண்ணு முன்னாடி வந்தது. "தம்பி, நிஜமாக் குத்து"ன்னேன். அவன் சீகுவைப் பார்த்தான். சீகு உள்ளே போய் ஒரு சிவப்பு மார்க்கர் பேனாவும், பழைய வெள்ளை டி-ஷர்ட்டும் கொண்டு வந்தார். பேனாதான் கத்தி. அரை நிமிஷம். "நீ தடு, நீ குத்து, யாரும் யாருக்கும் காத்திருக்க வேண்டாம்."

அரை நிமிஷம் முடிஞ்சப்போ என் உடம்புல பன்னெண்டு சிவப்புக் கோடு. முன்கையில அஞ்சு, வயித்துல நாலு, விலாவுல ரெண்டு, கழுத்துல ஒண்ணு. ஒரே ஒரு தடவை அவன் கையைப் பிடிச்சேன், அதுக்கு விலையாத்தான் கழுத்துக் கோடு. சீகு கோடுகளை ஒண்ணொண்ணா எண்ணிட்டு, "இப்போ தெரியுதா, உன் முதல் ஆயுதம் உன் கால். ஓட வழி இருந்தா ஓடு, பர்ஸைக் கேட்டா கொடு. வழியே இல்லாதப்போதான் மத்தது"ன்னார். அவ்வளவு வருஷப் பயிற்சியில நான் கேட்ட ஒழுங்கான கத்திப் பாடம் அதுதான். ஆளுங்க வீடியோவுல கத்தியைப் பிடுங்கறதைப் பார்த்தா இப்பவும் எனக்கு அந்த நீட்டி வெச்ச கைதான் ஞாபகம் வரும்.

இதோட முடிச்சிருந்தா நல்ல பதிவா இருந்திருக்கும். ஆனா அதே வருஷம் இன்னொண்ணு நடந்தது. சொல்லாம விட்டா இதுவும் ஒரு சாண் வெளியே அடிச்ச அடியாயிடும்.

என் டீம்ல ஒரு பையன் இருந்தான், மதுரைப் பக்கம். நல்ல பையன், வேலைதான் சுமார். எழுதினதைத் திரும்பிப் பார்க்க மாட்டான், அவன் விட்ட தப்பை ராத்திரி நான் சரி பண்ணுவேன். வருஷா வருஷம் மதிப்பீட்டுப் படிவத்துல "நன்று, இன்னும் முன்னேறலாம்"னு எழுதுவேன். நேர்ல உக்கார வெச்சு இது இது சரியில்லைன்னு ஒரு தடவைகூட சொன்னதில்ல. புதுசா கல்யாணம் ஆனவன், ஊர்ல கடன் இருக்கு, மனசு கஷ்டப்படும். அந்த வருஷம் மேலிடத்துல ஆளைக் குறைக்க உக்கார்ந்தப்போ என் படிவத்தை யாரும் பார்க்கல. அவன் வேலையைப் பார்த்தாங்க. முதல் பட்டியல்லயே பேரு.

கிளம்பற அன்னிக்கு என் மேஜைகிட்ட வந்து, "அண்ணே, நீங்க ஒரு வார்த்தை சொல்லியிருக்கலாமேண்ணே"ன்னான். கோபமாக்கூடக் கேக்கல.

பிரம்பு பிடிச்ச கைக்குத் தெரிஞ்சது பேனா பிடிச்ச கைக்குத் தெரியல பாருங்க. ரெண்டும் ஒரே கைதான். கம்பு, கத்தி, வெறுங்கை மூணுக்கும் ஒரே பாதைன்னு முதல் நாளே மாஸ்டர் சொன்னார். எனக்குத்தான் அது கோர்ட்டுக்குள்ள மட்டும்னு நினைப்பு.

அவனை அப்புறம் ஒரு தடவை போன்ல பிடிச்சேன். வேற வேலை கிடைக்க எட்டு மாசம் ஆச்சாம். மன்னிப்பு கேட்டேன். "பரவாயில்லண்ணே"ன்னான். அவனும் மரியாதையான பையன். ஒரு சாண் வெளியேதான் அடிச்சான்.

இப்போ பிரம்பு ரெண்டும் பரண் மேல. கட்டைவிரல் மட்டும் கூடவே இருக்கு. டீம்ல யார்கிட்டயாவது குறை சொல்ல வேண்டி வந்து, "நல்லாத்தான் பண்ணியிருக்கே"ன்னு நாக்கு நுனி வரைக்கும் வர்றப்போ, விரலை ஒரு தடவை மடக்கிப் பார்த்துக்குவேன். அப்புறம் மெதுவா, ரொம்ப மெதுவா, ஆனா சொல்ல வேண்டியதைச் சொல்லுவேன். எல்லா நாளும் முடியறதில்ல.

அதனால, இவ்வளவு தூரம் படிச்ச நல்ல உள்ளங்களே, "அருமை", "நல்ல பதிவு, வாழ்த்துகள்"னு மட்டும் போட்டுட்டுப் போயிடாதீங்க. எங்கே இழுக்குது, எங்கே உதைக்குதுன்னு சொல்லுங்க. ஆமை வேகத்துல அடிங்க, தாங்கிக்கறேன். குறி மட்டும் தப்பாம இருக்கட்டும் :-)